சங்கு ஸ்டாம்ப் தென்காசியில் செல்லாது

இன்னைக்கு எபிசோடு ஒரு சர்வரைப் பத்தினது. கோடிங் எதுவும் வராது, பயப்படாம கேளுங்க.

நீங்க ஒருத்தருக்கு ஒரு ஃபைல் அனுப்புறீங்க. அந்த நேரம் பார்த்து அவர் குற்றாலத்துல ஐந்தருவிக்குக் கீழ நின்னு குளிச்சிக்கிட்டு இருக்கார். போன் லாட்ஜ் ரூம்ல சுவிட்ச் ஆஃப். சாயங்காலம் அவர் வந்து போனை ஆன் பண்றப்போ உங்க போன்ல சார்ஜ் இல்ல. அன்னைக்கு முழுக்க நீங்க ரெண்டு பேரும் ஒரு நொடிகூட சேர்ந்து ஆன்லைன்ல இல்ல. ஆனாலும் ஃபைல் போய்ச் சேர்ந்துடுது. நடுவுல தூங்காத ஒரு மிஷின் அதை வாங்கி, பத்திரமா வச்சிருந்து, அவர் வந்ததும் கையில கொடுத்திருக்கு.

இப்படிப் பின்னணியில சத்தமில்லாம ஓடிக்கிட்டே இருக்கிற புரோகிராமுக்கு டீமன்னு பேரு. 1960கள்ல எம்ஐடி ஆட்கள் வச்சது. எனக்கு அந்தப் பேரைக் கேட்டாலே திருநெல்வேலிப் பக்கத்து சுடலைமாடன்தான் நினைவுக்கு வருவார். ஊருக்கு வெளியே நிப்பார், ராத்திரி முழுக்க முழிச்சிருப்பார், யாராவது கூப்பிட்டாதான் வருவார். டீமனோட வேலையும் அதேதான்.

இந்த டீமன் எவ்வளவு வேகமா வேலை செய்யுதுன்னுதான் பொதுவா பேசுவோம். எனக்கு அதைவிட முக்கியமான கேள்வி வேற. என் ஊர் டீமனும் உங்க ஊர் டீமனும் ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்குவாங்களா? பேசலைன்னா என்ன ஆகும்? இதுக்குப் பதில் சொல்ல சிலிக்கான் வேலிக்குப் போக வேண்டியதில்ல. தென்காசி பஸ் ஸ்டாண்டுல செங்கோட்டை பஸ் ஏறினாப் போதும்.

தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடுவுல சுமார் 8 கிலோமீட்டர். இன்னைக்கு ரெண்டும் ஒரே மாவட்டம். 2019 நவம்பர்ல திருநெல்வேலியைப் பிரிச்சு உருவான தென்காசி மாவட்டம். ஆனா 1956 நவம்பர் 1க்கு முன்னாடி செங்கோட்டை மலையாளச் சீமை. முதல்ல திருவிதாங்கூர் சமஸ்தானம், சுதந்திரத்துக்குப் பிறகு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம். தென்காசியும் குற்றாலமும் பிரிட்டிஷ்காரன் நேரடியா ஆண்ட மெட்ராஸ் மாகாணம். ரெண்டு பக்கமும் தமிழ்தான் பேசினாங்க. சாரல்கூட ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் அடிச்சுது. தபால் மட்டும் வேற வேற.

பிரிட்டிஷ் பக்கம் நமக்குத் தெரிஞ்ச போஸ்ட் ஆபீஸ். 1854 சட்டத்துக்குப் பிறகு கடிதம் எவ்வளவு தூரம் போனாலும் கட்டணம் ஒண்ணுதான்னு ஆச்சு. அரையணா ஸ்டாம்ப் ஒட்டினா தென்காசியில போட்ட லேசான கடிதம் பெஷாவர் வரைக்கும் போகும். திருவிதாங்கூர் பக்கம் அந்த சமஸ்தானத்தோட சொந்த நெட்வொர்க். அதுக்குப் பேரு ‘அஞ்சல்’. ஆமா, இன்னைக்கு நம்ம போஸ்ட் ஆபீஸ் போர்டுல இருக்கிற அதே சொல். ரெசிடெண்டா இருந்த கர்னல் மன்றோ கிரேக்கச் சொல் ஒண்ணுல இருந்து இந்தப் பேரை எடுத்தார்னு ஒரு கதை உண்டு. எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. வெள்ளைக்காரன் வந்துதான் நம்ம ஊர்ல பேரே வச்சான்னு சொல்ற கதைகள் எல்லாத்தையும் கொஞ்சம் தள்ளி வச்சே பார்க்கணும்.

அஞ்சல்ல கடிதத்தைத் தூக்கிட்டு ஓடினவர் அஞ்சலோட்டக்காரர். கையில மணி கட்டின ஒரு கம்பு. மணிச் சத்தம் கேட்டா மக்கள் வழி விடணும். அவரே கடைசி வரைக்கும் ஓட மாட்டார். தன் பங்குத் தூரத்தை ஓடி முடிச்சு, பையை அடுத்தவர் கையில கொடுத்துடுவார். ஆரம்பத்துல அரசாங்க ஓலைகளுக்கான ஏற்பாடா இருந்தது, 1860கள் வாக்குல பொதுமக்களுக்கும் திறந்துச்சு. 1888ல சொந்த ஸ்டாம்ப் வந்தது. அதுல ராஜா தலை கிடையாது, ராணி தலை கிடையாது, சமஸ்தானத்தோட சின்னமான வலம்புரிச் சங்கு. விலை அணாவுல இல்ல, சக்கரத்துல.

இப்போ பிரச்சனைக்கு வருவோம். சங்கு ஸ்டாம்ப் சமஸ்தானத்துக்குள்ளதான் செல்லும். செங்கோட்டையில இருந்து ஆரியங்காவு கணவாய் ஏறி, புனலூர், கொல்லம், திருவனந்தபுரம் வரைக்கும் மணி அடிச்சுக்கிட்டு ஓடும். கிழக்கே 8 கிலோமீட்டர்ல இருக்கிற தென்காசிக்கு அதை ஒட்டி அனுப்ப முடியாது. அதுக்கு பிரிட்டிஷ் இந்தியா ஸ்டாம்ப் வாங்கணும், பிரிட்டிஷ் போஸ்ட் ஆபீஸ்லதான் போடணும். சமஸ்தானத்துக்குள்ளயே பிரிட்டிஷ் தபால் நிலையங்களும் தனியா நடந்துக்கிட்டு இருந்தன. ஒரே ஜனங்களுக்கு ரெண்டு நெட்வொர்க். மாமா வீடு எந்தப் பக்கம்னு பார்த்து பெட்டியைத் தேர்ந்தெடுக்கணும். உங்க போன்ல பச்சை செயலி ஒண்ணு, நீலச் செயலி ஒண்ணு, ஆபீஸுக்குன்னு இன்னொண்ணு இருக்கில்ல? அதேதான்.

இந்த ஏற்பாடு எப்போ முடிஞ்சுது தெரியுமா? 1951 ஏப்ரல் 1. அன்னைக்குத்தான் அஞ்சல் துறை இந்தியத் தபால் துறையோட இணைஞ்சுது. சுதந்திரம் வந்து மூணரை வருஷத்துக்கு மேல ஆகியிருந்தது. சமஸ்தானம் இந்தியாவுல சேர்ந்தாச்சு, கடிதங்கள் இன்னும் சேரல. இதை வச்சு அரசாங்கத்தைக் கிண்டல் பண்ண எனக்கு மனசு வரல. ரெண்டு கம்பெனியோட சிஸ்டத்தை ஒண்ணாக்குற புராஜெக்ட்ல வேலை பார்த்தவங்களுக்குத் தெரியும், மூணரை வருஷம்ங்கிறது நல்ல வேகம்.

சரி, நடுவுல நிக்கிறவர் உண்மையிலேயே என்ன பண்றார்? இங்க கொஞ்சம் நிதானமா போவோம், ஏன்னா எனக்குப் பிடிச்ச பகுதி இதுதான்.

பழைய தபால் முறையில பை கைமாறுறப்போ ஒரு ஒழுங்கு உண்டு. பைக்கு சீல் இருக்கும். கூட ஒரு பட்டியல் இருக்கும். வாங்குறவர் சீல் உடைஞ்சிருக்கான்னு பார்ப்பார், எண்ணிக்கை சரியான்னு பார்ப்பார், அப்புறம்தான் கையெழுத்து. கையெழுத்து விழற வரைக்கும் பொறுப்பு கொடுத்தவருடையது. விழுந்த பிறகு வாங்கினவருடையது. நடுவுல ஒரு நொடிகூட அந்தப் பை யாருக்கும் சொந்தமில்லாம கிடக்காது.

நம்ம ஷோவுக்கும் இதே வேலையைச் செய்ய ஒரு குட்டி சர்வர் வச்சிருக்கோம். எடிட்டிங் பண்ற நண்பர் தென்காசிப் பக்கம். அவர் ஊர்ல சாரல் சீசன்ல கரண்ட் போறதும் வர்றதும் அதோட இஷ்டம். ஒரு எபிசோடோட மூல ஆடியோ பல நூறு எம்பி இருக்கும். அதனால ஃபைலைத் துண்டு துண்டா வெட்டி அனுப்புறோம். ஒவ்வொரு துண்டுக்கும் அதோட உள்ளடக்கத்தை வச்சுக் கணக்குப் போட்ட ஒரு எண் உண்டு. ஹேஷ்னு சொல்வோம். அதுதான் எங்க சீல். சர்வர் துண்டை வாங்கி, டிஸ்க்ல எழுதி, அந்த எண்ணைத் திரும்பக் கணக்குப் போட்டுச் சரியா இருந்தா மட்டும் “வாங்கிட்டேன்”னு பதில் சொல்லும். அந்தப் பதில் வர்ற வரைக்கும் அனுப்பினவர் மிஷின் தன்கிட்ட இருக்கிற பிரதியை அழிக்கக் கூடாது. கரண்ட் போய் வந்தா 37வது துண்டுல இருந்து திரும்ப ஆரம்பிக்கும். நான் சென்னையில காலையில எழுந்து பார்த்தா ஃபைல் ரெடி. கையெழுத்து விழாம பையை விடாதேங்கிற விதியைத்தான் நாங்க புரோகிராமா எழுதியிருக்கோம்.

சேர வேண்டியவர் வரவே இல்லைன்னா? தபால்ல அதுக்கும் ஒரு ஆபீஸ் இருந்தது. டெட் லெட்டர் ஆபீஸ். முகவரி கிடைக்காத கடிதங்கள் அங்க போகும். அனுப்பினவர் யாருன்னு தெரிஞ்சுக்க அவற்றைப் பிரிச்சுப் பார்க்கிற அதிகாரம் அங்க இருந்தவங்களுக்கு மட்டும் உண்டு. மெட்ராஸ்லயும் ஒண்ணு இருந்தது. பிறகு ரிட்டர்ன்டு லெட்டர் ஆபீஸ்னு பேரை மாத்தினாங்க. பேக்கெண்ட் வேலை பார்க்கிற மக்களே, நீங்க தினமும் திட்டுற ‘டெட் லெட்டர் கியூ’வுக்குப் பேரு வந்தது இந்த ஆபீஸ்ல இருந்துதான். வாட்ஸ்அப் போய்ச் சேராத மெசேஜை 30 நாள் வச்சிருந்துட்டு அழிச்சுடும். ஈமெயில் சர்வர்கள் வழக்கமா நாலஞ்சு நாள் முயற்சி பண்ணிட்டு, “முடியலப்பா”ன்னு அனுப்பினவருக்கே திருப்பி எழுதும். எனக்கு ஈமெயிலோட வழிதான் மரியாதையாத் தோணுது.

தபால்ல இருந்து கம்ப்யூட்டருக்கு இது எப்படி வந்தது? 1976ல அமெரிக்காவுல பெல் லேப்ஸ்ல மைக் லெஸ்க்னு ஒருத்தர் யூயூசிபின்னு ஒரு புரோகிராம் எழுதினார். ஒரு யூனிக்ஸ் மிஷின்ல இருந்து இன்னொண்ணுக்கு ஃபைலை நகல் எடுக்கிறது, அவ்வளவுதான் வேலை. ரெண்டு மிஷினுக்கும் நடுவுல நிரந்தர லைன் கிடையாது. நீங்க அனுப்புற ஃபைல் ஸ்பூல்ங்கிற ஒரு டைரக்டரியில போய் உக்காந்துக்கும். போன் கட்டணம் குறையற ராத்திரி நேரத்துல டீமன் எழுந்து, அடுத்த மிஷினுக்கு போன் போட்டு, சேர்ந்ததை எல்லாம் கொடுத்துட்டு, அங்க இருக்கிறதை வாங்கிட்டு, லைனைக் கட் பண்ணும். முகவரிகூட வழியைச் சொல்ற மாதிரிதான் எழுதணும், நடுவுல ஆச்சரியக்குறி போட்டு. நம்ம ஊர்க் கணக்குல ‘செங்கோட்டை!புனலூர்!கொல்லம்!மாமா’. எந்தெந்த ஊர் வழியாப் போகணும்னு அனுப்புறவருக்கே தெரிஞ்சிருக்கணும்.

இந்தியாவுல நெட்வொர்க் தொடங்கினதும் இப்படித்தான். 1986ல எலெக்ட்ரானிக்ஸ் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தோட உதவியில எர்நெட்டைத் தொடங்கிச்சு. பம்பாய் என்சிஎஸ்டி, பெங்களூர் ஐஐஎஸ்சி, மெட்ராஸ் உட்பட அஞ்சு ஐஐடிகள், அப்புறம் அந்தத் துறையே. மொத்தம் எட்டு இடம். ஆரம்ப வருஷங்கள்ல சாதாரண டெலிபோன் லைன்ல யூயூசிபிதான். என்சிஎஸ்டியை நடத்தின சீனிவாசன் ரமணியை 2014ல இன்டர்நெட் ஹால் ஆஃப் ஃபேம்ல சேர்த்தாங்க. 1995 ஆகஸ்ட் 15ல விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுக்கிறதுக்கு முன்னாடி, நம்ம நாட்டு ஈமெயில் அஞ்சலோட்டக்காரர் மாதிரி கைமாறிக் கைமாறித்தான் போச்சு.

இதெல்லாம் லைன் சரியில்லாத காலத்துக் கதைன்னு தோணலாம். 2000க்குப் பிறகும் லைன் சரியில்லாத ஊர்கள்லதான் இந்த யோசனை அழகா வேலை செஞ்சுது. மதுரைப் பக்கம் மேலூர்ல ஐஐடி மெட்ராஸும் மற்றவங்களும் சேர்ந்து நடத்தின கிராம இன்டர்நெட் மையங்கள் இருந்தன. அங்க கண் வலின்னு வந்தவரோட கண்ணை வெப்கேமராவுல படம் எடுத்து, அரவிந்த் கண் மருத்துவமனைக்கு ஈமெயில்ல அனுப்புவாங்க. டாக்டர் தனக்கு நேரம் கிடைக்கும்போது பார்த்துட்டு, மதுரைக்கு வரணுமா வேண்டாமான்னு பதில் எழுதுவார். டாக்டரும் நோயாளியும் ஒரே நேரத்துல திரை முன்னாடி உக்காரத் தேவையில்ல. பஸ் காசும் ஒரு நாள் கூலியும் மிச்சம்.

கர்நாடகாவுல தொட்டபல்லாபூர் பக்கம் 2003ல இன்னும் ஒரு படி மேல போனாங்க. டாக்நெட்னு பேரு. டாக்னா இந்தியில தபால். பஸ்ல ஒரு வைஃபை பெட்டியைக் கட்டிவிட்டாங்க. பஸ் கிராமத்தைக் கடக்கிற ரெண்டு மூணு நிமிஷத்துல அங்க இருக்கிற கம்ப்யூட்டர்ல சேர்ந்திருக்கிறதை வாங்கிக்கும், கொண்டு வந்ததைக் கொடுக்கும். ஒரு தடவைக்கு சராசரியா 20 எம்பி சொச்சம். நில ஆவணக் கோரிக்கைகள் இப்படி பஸ்லயே டவுனுக்குப் போய் வந்தன. அந்தப் பஸ்ஸுக்கு மணி கட்டின கம்பு மட்டும்தான் இல்ல. விண்வெளிக்காக உருவான ‘தாமதம் தாங்கும்’ நெட்வொர்க் விதிகள்லயும் இதே சிந்தனைதான். 2007ல வெளியான அதோட விதிமுறையில ‘கஸ்டடி டிரான்ஸ்ஃபர்’னே ஒரு அம்சம் இருக்கு. பொறுப்பைக் கைமாத்துறது. தபால் பையோட கையெழுத்து விண்வெளி வரைக்கும் போயிருக்கு.

இதுவரைக்கும் நடுவுல நிக்கிறவரை நல்லவராவே காட்டிட்டேன். அவர் கெட்டவரா இருந்தா?

செங்கோட்டையை நாம யாரை வச்சு நினைவு வச்சிருக்கோம்? வாஞ்சிநாதன். 1911 ஜூன் 17 அன்னைக்கு மணியாச்சி ஸ்டேஷன்ல கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சி, திருவிதாங்கூர் குடிமகன், சமஸ்தானத்தோட வனத்துறையில வேலை பார்த்தவர். எல்லை தாண்டினா அரசு வேற, சட்டம் வேறங்கிறது அந்தத் தலைமுறை அரசியல்காரங்களுக்கு நல்லாத் தெரியும். பிரெஞ்சுக்காரங்க ஆண்ட புதுச்சேரிக்கு 1908ல பாரதியார் போனதும் அதனாலதான். ‘இந்தியா’ பத்திரிகையும் கூடவே போச்சு. அச்சடிக்கிறதைத் தடுக்க பிரிட்டிஷ்காரனால முடியல. ஆனா வாசகர்கள் இருந்தது பிரிட்டிஷ் இந்தியாவுல. பத்திரிகை அங்க போய்ச் சேர்றதைத் தடுத்தாங்க. 1910ல ‘இந்தியா’ நின்னு போச்சு. எழுதுறவர் இருக்கார், படிக்கிறவர் இருக்கார், நடுவுல இருக்கிறவர் கொண்டு போக மாட்டேன்னுட்டார். ஒரு பத்திரிகையைக் கொல்ல அது போதும்.

திறந்து படிக்கிறதுக்கும் சட்டமே இருந்தது. 1898 இந்தியத் தபால் சட்டத்தோட 26வது பிரிவு, பொது அவசரம் அல்லது பொதுப் பாதுகாப்புன்னு சொல்லி தபாலை இடைமறிக்க அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. அந்தச் சட்டம் 126 வருஷம் ஓடிச்சு. 2024 ஜூன்ல அதோட இடத்துக்கு 2023 தபால் சட்டம் வந்தது. இடைமறிக்கிற அதிகாரம் அதோட 9வது பிரிவுல பத்திரமா இருக்கு.

இப்போ திரும்ப தென்காசிக்கு வாங்க. ஊருக்குப் பக்கத்துல மத்தளம்பாறை. 2011ல ஸோஹோ அங்க ஒரு சின்ன ஆபீஸைத் தொடங்கிச்சு. ஸ்ரீதர் வேம்பு 2019ல அந்தப் பக்கமே குடிவந்துட்டார். ஸோஹோ டெஸ்க் தென்காசியில உருவானதுன்னு கம்பெனி பெருமையாச் சொல்லும். அதே கம்பெனியோட அரட்டை செயலி 2021 ஜனவரியில வந்து, 2025 செப்டம்பர்ல திடீர்னு எல்லார் போன்லயும் ஏறிச்சு. அப்போ மக்கள் கேட்ட முதல் கேள்வி: அழைப்புகளுக்கு எண்டு-டு-எண்டு என்கிரிப்ஷன் இருக்கு, எழுதுற மெசேஜுக்கு ஏன் இல்ல? சரியான கேள்வி. நடுவுல நிக்கிறவர் சீலை உடைச்சுப் பார்க்க முடியுமாங்கிறதுதானே அது. அதைக் கொண்டு வர்ற வேலையில கம்பெனியும் இறங்கிச்சு.

எனக்கு அதைவிட சுவாரசியமாப் பட்டது வேம்பு அதே சமயத்துல பொதுவெளியில சொன்ன இன்னொரு விஷயம். மெசேஜிங் செயலிகள் யுபிஐ மாதிரி, ஈமெயில் மாதிரி ஒண்ணோட ஒண்ணு பேசணும். ஒரே கம்பெனியோட ஏகபோகமா இருக்கக் கூடாதுன்னார். புதுசா வர்றவருக்கு அது வசதியான கருத்துதான், சந்தேகமே இல்ல. சந்தையில ரெண்டாவதா இருக்கிறவங்க எல்லாருமே எல்லையைத் திறக்கச் சொல்வாங்க. ஆனா வசதியான கருத்துங்கிறதால அது தப்பான கருத்து ஆயிடாது. ஐரோப்பாவுல 2022ல வந்த டிஜிட்டல் சந்தைகள் சட்டம் இதையேதான் பெரிய மெசேஜிங் கம்பெனிகளுக்குக் கட்டாயமாக்கியிருக்கு.

இதுல இன்ஜினியரா எனக்கு ஒரு தயக்கம் உண்டு. ரெண்டு செயலி பேசிக்கணும்னா என்கிரிப்ஷன் சாவி எல்லையில கைமாறுற விதத்தை ரெண்டு பேரும் ஒத்துக்கணும். இல்லைன்னா எல்லையில வச்சு சீலை உடைச்சு வேற சீல் வைக்க வேண்டி வரும். அது அஞ்சல் காலத்தைவிட மோசம். ஆனா முடியாத வேலை இல்ல. ஈமெயில் 40 வருஷத்துக்கு மேலா எல்லை பார்க்காமத்தான் போய்க்கிட்டு இருக்கு. எந்தக் கம்பெனி ஈமெயில் வச்சிருக்கீங்கன்னு கேட்டுட்டு யாரும் உங்களுக்கு மெயில் போடுறதில்லையே.

அவ்வளவுதான் மக்களே இந்த வாரம். ஒரு வேண்டுகோள். செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு, புனலூர் பக்கம் சொந்தம் இருக்கிறவங்க, தாத்தா பாட்டி வீட்டுப் பரண்லயோ டிரங்குப் பெட்டியிலயோ சங்கு ஸ்டாம்ப் ஒட்டின பழைய கவர் கிடக்கான்னு பாருங்க. கிடைச்சா முன்பக்கம் பின்பக்கம் ரெண்டையும் ஸ்கேன் பண்ணி அனுப்புங்க, முத்திரையில ஊர்ப் பேரும் தேதியும் தெரியற மாதிரி. ஃபைல் பெருசா இருந்தாலும் பரவாயில்ல. ராத்திரி ரெண்டு மணிக்கு அனுப்பினாலும் எங்க சர்வர் முழிச்சுத்தான் இருக்கும்.